அறுந்துபோகிற நூல்

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அறுந்துடாதே?" தூத்துக்குடியில் வலை, நூல், கயிறு, மிதவை விற்கிற கடை எங்களுடையது. பின்கட்டில் நூல் முறுக்குகிற சின்னப் பட்டறையும் உண்டு. அறுந்துடாது, அறுந்துடாது என்று சொல்லியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன். அப்படிப்பட்ட எனக்கு இந்த வருஷம் சித்திரை மாதத்தில் மலேசியாவின் ஜொகூரிலிருந்து ஒரு பெண் போன் செய்து, கடலில் போட்டால் இரண்டு மாதத்தில் இற்றுப்போகிற பருத்தி நூல் வேண்டும் என்றாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் விடவில்லை. மறுநாளும் கூப்பிட்டாள். பெயர் கோகிலா, குளுவாங் ஊரில் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆசிரியை, லீவு நாளில் கடலுக்குள் முக்குளிக்கப் போகிறவள். அவர்கள் பக்கத்தில் மீன் பிடிக்கக் கம்பிவலைக் கூடு போடுகிறார்கள். மலாய்க்காரர்கள் அதைப் புபு என்கிறார்கள், எங்கள் பக்கம் வெறும் கூடுதான். இழுவைப் படகு கயிற்றை அறுத்துக்கொண்டு போனாலோ, புயல் புரட்டிப் போட்டாலோ, கூடு கடலடியிலேயே தங்கிவிடும். அதற்குப் பிறகும் அது மீன் பிடிப்பதை நிறுத்தாது. உள்ளே போன மீன் வெளியே வர வழியில்லாமல் சாகும். செத்ததைத் தின்ன இன்னொன்று வரும், அதுவும் மாட்டும். எடுக்க ஆளில்லாத கூடு வருஷக்கணக்கில் இப்படியே கொன்றுகொண்டிருக்கும்.

அதற்கு அவள் கண்ட வழி சின்னது. கூட்டின் பக்கத்தில் ஒரு கதவு வைத்து அதைப் பருத்தி நூலால் கட்டிவிட வேண்டும். கூட்டை அடிக்கடி தூக்குகிற மீனவர் அவ்வப்போது நூலை மாற்றிக்கொள்வார். கூடு தொலைந்துபோனால் நூல் இற்று, கதவு தானாகத் திறந்து, மீன் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும்.

கேட்டதும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கூடு தொலைந்தது என்று எத்தனை பேர் என் கடை வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்! புதுக் கூட்டுக்குக் கயிறு கொடுத்து அனுப்பியிருக்கிறேனே தவிர, தொலைந்தது கீழே என்ன செய்துகொண்டிருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. ஜூன் மாதம் முதல் பார்சல் போயிற்று. செப்டம்பர் கடைசியில் கோகிலா திரும்பக் கூப்பிட்டு, அடுத்த பார்சலை நீங்களே கொண்டுவாருங்கள், மெர்சிங் துறை மீனவர்கள் நூல்காரியை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றாள். பாக் மான் என்ற பெரியவர் சொன்னால் அந்தத் துறையில் எல்லோரும் கேட்பார்களாம். போட்ட நூல் இற்றதா என்று தன் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். நவம்பரில் அங்கே மழைக்காலம். கூடுகள் அதிகம் தொலைகிற காலமும் அதுதான். அதற்கு முன்னால் அவர் தலையசைத்தாக வேண்டும். இரண்டு வருஷமாக அந்தத் தலையசைப்புக்காகத்தான் அவள் அலைந்துகொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஜொகூர் விமான நிலையத்தில் சுங்கத்துப் பெண் அதிகாரி என் பெட்டியைத் திறந்து பார்த்து, இவ்வளவு நூல் எதற்கு என்றார். கடலில் கட்ட என்றேன். உறுதியான நூலா என்று கேட்டார். வியாபாரி வாய்க்கு ஆமாம் என்றுதான் வந்தது. அடக்கிக்கொண்டு, இல்லை, சீக்கிரம் இற்றுவிடும் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் சரக்கை இப்படிச் சொல்லி விற்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிவிட்டார்.

கோகிலா வெளியே காருடன் நின்றாள். குள்ளமாக, வெயிலில் கறுத்து, நாற்பது வயதுக்குப் பள்ளிப் பிள்ளைபோல் துறுதுறுவென்று இருந்தாள். காரில் ஏறியதும் கேட்ட முதல் கேள்வி சாப்பிட்டீர்களா என்பது. எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது. சிம்பாங் ரெங்கம் தாண்டும்வரை சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. நானும் பனங்காட்டுச் சீமைக்காரிதான், ஆனால் எங்கள் பனை ஆளுக்கொரு திசையில் சாய்ந்து நிற்கும். இங்கே பள்ளிக்கூடப் பிரேயருக்கு நிற்பதுபோல் வரிசை பிசகவில்லை.

ஆயர் ஈத்தாமில் நிறுத்தினாள். சாலையோரம் நெடுக மண்பாண்டக் கடைகள், ஆள் உயர ஜாடியிலிருந்து விரல் உயர யானை வரை. எனக்கு மண் யானையைவிடப் பக்கத்துக் கடையிலிருந்து வந்த மீன் வாசனைதான் பெரிதாக இருந்தது. ஜொகூர் லக்சா என்றாள். கெட்டியான மீன் குழம்பு, அதன் கீழே பார்த்தால் ஸ்பகெட்டி. இத்தாலிக்காரன் சாமான் இங்கே எப்படி வந்தது என்று கேட்டதற்கு, அந்தக் காலத்து சுல்தான் ஒருவருக்கு ஆசை வந்துவிட்டதாம் என்று சொல்லிவிட்டுத் தோளைக் குலுக்கினாள். முள்ளுவாளையை வேகவைத்து, முள் எடுத்து, அரைத்துக் கரைத்த குழம்பு. மீன் விஷயத்தில் தூத்துக்குடிக்காரி லேசில் யாரையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். இரண்டாவது தட்டு வாங்கினேன்.

அந்த இரண்டாவது தட்டில்தான் விபத்து. நூலைப் பார்க்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்த கோகிலா, ஒரு நூல்கண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இந்தத் தடவ வெள்ளையா இருக்கேக்கா. போன தடவ தே-ஓ கலர்ல வந்துச்சு."

தே-ஓ என்றால் பால் விடாத தேநீர். என் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. ஜூன் மாதம் பார்சல் கட்டுகிற நேரத்தில் நான் மகளைக் கல்லூரி விடுதியில் சேர்க்க மதுரைக்குப் போயிருந்தேன். கட்டி அனுப்பியது எங்கள் பட்டறையின் சவரி அண்ணன். இந்தப் பெட்டியை மட்டும் நானே கட்டினேன். தேநீர் நிறம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் நூலை முக்கிக் காயப்போட்டால் அந்த நிறம் வரும். உப்புத் தண்ணீரில் பருத்தி இற்றுப்போகாமல் இருப்பதற்கென்றே எங்கள் பக்கம் செய்கிற வேலை அது. கலர் மாறும், பருத்திதானே என்று ஏதோ உளறிவிட்டு ஸ்பகெட்டியைச் சுற்ற ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு லக்சா ருசிக்கவில்லை.

குளுவாங்கில் கோகிலா வீட்டு மாடியில் எனக்கு அறை. சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சவரி அண்ணனுக்குப் போன் போட்டேன். ஜூன் பார்சலைச் சாற்றில் முக்கினீர்களா என்று கேட்டேன். மூன்று முக்கு முக்கியதாகப் பெருமையாகச் சொன்னார். இற்றுப்போகத்தானே கேட்டார்கள் என்று கத்தினேன். அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"சாத்துல முக்காத பச்ச நூலக் கப்பலேத்தச் சொல்லுதியா செல்வி? அது அறுந்து போச்சின்னா நாளைக்கு நம்ம கட பேரு என்னத்துக்கு ஆவும்?"

நாற்பது வருஷம் நூல் முறுக்கிய கை. அறுந்துபோவதற்காக ஒரு நூல் என்பது அவர் காதில் ஏறவே இல்லை. வாடிக்கையாளர் ஏதோ தெரியாமல் கேட்கிறார், நாம் நல்லதாகவே கொடுத்துவிடுவோம் என்று செய்திருக்கிறார். கோபத்தில் போனைக் கட்டிலில் எறிந்தேன். நல்லவேளை, மெத்தை.

மறுநாள் காலையில் ரயில் நிலையத்துக் காப்பிக்கடை. கரியடுப்பில் வாட்டிய ரொட்டி, தேங்காய்ப்பால் ஜாம், வெண்ணெய், கறுப்புக் காப்பி. பிளாட்பாரத்தை ஒட்டி உட்கார்ந்து சாப்பிடுகிற சுகம் ஒன்று உண்டே, எங்கள் ஊர் ரயிலடியில் அதற்கெல்லாம் இடம் ஏது! ஆனால் மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். கோகிலா எதிரே உட்கார்ந்து, நாளைக்கே பாக் மான் சரி சொல்லிவிடுவார், மழைக்கு முன்னால் துறையில் இருக்கிற கூடு அத்தனைக்கும் கதவு வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ரொட்டியை மென்றுகொண்டே தலையை ஆட்டினேன். இவளிடம் எப்படிச் சொல்வது?

அந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தது ஒரு முள். மெர்சிங் போகிற வழியில் காஹாங் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் காரின் பின்சக்கரம் புஸ்ஸென்று உட்கார்ந்துவிட்டது. முன்னால் போன லாரியிலிருந்து விழுந்த செம்பனை மட்டையின் முள், விரல் நீளத்துக்கு டயரில் ஏறியிருந்தது. மாற்றுச் சக்கரத்தை எடுத்தால் அதிலும் காற்றில்லை. "அலமாக்" என்று தலையில் கைவைத்தாள் கோகிலா. அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவரிடம் காஹாங் டயர் கடைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, மரநிழலில் காத்திருந்தோம்.

அவள் பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான். அப்பா ரப்பர் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக்கு மாறியவர். கடலையே பன்னிரண்டு வயதில் பள்ளிச் சுற்றுலாவில்தான் முதல் தடவை பார்த்தாளாம். உனக்கு எதற்கம்மா மீன் கவலை என்று கேட்டேன். ஒரு தடவை முக்குளித்தபோது தொலைந்துபோன கூடு ஒன்றைப் பார்த்ததைச் சொன்னாள்.

"உள்ளுக்கு ஒரு பெரிய களவா மீன் இருந்துச்சுக்கா. கம்பிய முட்டி முட்டி மூக்கு வெள்ளையா தேஞ்சு போச்சு. நான் கிட்ட போறேன், அது என்னையே பாக்குது. கம்பிய வெட்ட கையில ஒன்னும் இல்ல. சிலிண்டர்ல காத்து முடிஞ்சு மேல வந்துட்டேன். மறுவாரம் கட்டர் எடுத்துட்டுப் போனேன். முள்ளுதான் இருந்துச்சு."

இதைக் கேட்ட பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. சொல்லிவிட்டேன். பனிச்சங்காய், மூன்று முக்கு, சவரி அண்ணன், கடை பெயர், எல்லாவற்றையும். போட்ட நூல் இற்றிருக்காது, நாளைக்கு பாக் மான் முன்னால் அவமானம்தான் என்றும் சொன்னேன். ஒரு லாரி போயிற்று, இன்னொரு லாரி போயிற்று. பிறகு கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டே, நானும் ஒன்று சொல்லவேண்டும் என்றாள்.

ஜூனில் போட்டவை மொத்தம் ஆறு கூடுகளாம். ஐந்து வெறும் சோதனைக் கூடுகள். மீன் மாட்டாதபடி வாயை அடைத்து, கதவை மட்டும் என் நூலால் கட்டிக் கடலில் இறக்கியவை. ஆறாவது, பாக் மான் தினசரித் தொழிலுக்குப் போடுகிற கூடு. அதிலும் ஒரு கதவு வைத்துப் பார்ப்போம் என்று அவரே கடைசி நேரத்தில் கேட்டிருக்கிறார். அதற்குள் நூல் தீர்ந்துவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. கோகிலா கைப்பையில் கோயிலுக்குப் பூக்கட்ட வாங்கிய நூல்கண்டு கிடந்தது. அதையே ஏழெட்டு இழையாகத் திரித்துக் கதவைக் கட்டிவிட்டாள். நீங்கள் கோபப்படுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியாது. நான் அனுப்பிய நூல் நல்ல நூலாகப் போய்விட்டதே என்று நான் அழாத குறை, மட்டமான நூலைக் கட்டிவிட்டோமே என்று அவள் மூன்று மாதமாக மறைத்து வைத்திருக்கிறாள்! பஞ்சரான காரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்த நேரம் பார்த்து டயர் கடைக்காரர் வந்து சேர்ந்தார்.

"பஞ்சர் ஆனதுக்கு இவ்ளோ சந்தோஷப்படுற ஆள நான் இன்னிக்கித்தான் பாக்குறேன்லா," என்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் ஆறாவது கூடு எங்கே என்று கேட்கத் தோன்றியது. ஜூலையில் இழுவைப் படகு ஒன்று கயிற்றை அறுத்துப் போய்விட்டது, அதற்குப் பிறகு அதைக் காணவில்லை என்றாள்.

மெர்சிங்கில் ஆற்றோரத் துறை. இறங்கியதும் மீனும் டீசலும் கலந்த வாசனை வந்து சொந்த ஊரில் நிற்கிற மாதிரி இருந்தது. பாக் மான் அறுபது வயதுக்காரர், வெற்றுடம்பில் துண்டு, வாயில் சுருட்டுத் துண்டு. பார்த்ததும் கோகிலாபோல் அவரும் என்னை "அக்கா" என்றே கூப்பிட்டார். சுடச்சுடப் பொரித்த மீன்மாவு உருண்டைகளை மிளகாய்க் குழம்போடு முன்னால் வைத்தார். நூல் பற்றி கோகிலா பேச்சை எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கண்ணால் பார்த்த பிறகு பேசலாம், இப்போது சாப்பிடுங்கள் என்று அவர் மலாயில் சொன்னதைக் கோகிலா எனக்குத் தமிழில் சொன்னாள். சாப்பாட்டை முன்னால் வைத்து, பேச்சைப் பின்னால் வைக்கிற மனிதர்களோடு எனக்கு என்றும் சண்டை வந்ததில்லை.

மறுநாள் விடிந்ததும் அவருடைய படகில் கிளம்பினோம். பக்கத்துத் துறைக்காரர்கள் மூன்று பேர் வேடிக்கை பார்க்கக் கூட வந்தார்கள். தீவு ஒன்றின் மறைவில் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. எங்கள் ஊர்க் கடல் இந்த மாதம் இப்படிப் பேசாமல் இருக்காது. முதல் கூட்டைத் தூக்கினார்கள். கதவு மூடியே இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, எல்லாம் அப்படியே. ஐந்தாவது வரை தே-ஓ நிற நூல் ஒன்றுகூட அசையவில்லை. பாக் மான் விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். கத்தியால் அறுத்து ஒரு துண்டை எடுத்து, பல்லால் கடித்தும் பார்த்தார்.

பிறகு என் பக்கம் திரும்பி, நாற்பது வருஷத்தில் இவ்வளவு நல்ல பருத்தி நூலைக் கண்டதில்லை, எங்களுக்கு இது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அவரை வாழ்த்தியிருப்பேன். வந்திருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். திறக்க வேண்டிய கதவுக்கு இரும்புப் பூட்டா என்று ஒருவர் கேட்டதாகக் கோகிலா மெதுவாகச் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி நான் சொல்ல, கோகிலா மலாயில் மாற்றிச் சொன்னாள். பட்டறையின் பெருமையால் வந்த தப்பு, இந்தப் பெண்ணின் யோசனையில் தப்பில்லை என்றேன். பெட்டியிலிருந்த வெள்ளை நூலையும் காட்டினேன். பாக் மான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆறாவது கூட்டில் கட்டியது எந்த நூல் என்று கேட்டார். பூ கட்டுகிற நூல் என்றாள் கோகிலா. சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். அந்தக் கூட்டை மூன்று வாரம் தூக்கிப் போட்டு மீன் பிடித்தேன், கதவு அசையவே இல்லையே என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டுப் படகைத் திருப்பினார்.

தீவின் முனையையும் கரையில் ஒரு மொட்டைப் பாறையையும் கண்ணால் கோடு போட்டு, ஓரிடத்தில் எஞ்சினை அணைத்தார். கயிற்றில் கட்டிய நாலு முனைக் கொக்கி ஒன்றை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க எங்கள் தெருவில் வீடு வீடாகக் கைமாறுமே, அதே பாதாளக் கரண்டி. நாலு தடவை வீசி இழுத்தார், வெறும் சேறு. ஐந்தாவது தடவை ஒரு கல். இவ்வளவு தூரம் வந்தது இதற்குத்தானா என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ஏழாவதோ எட்டாவதோ, கயிறு விறைத்து நின்றது.

எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். நானும் இழுத்தேன், உள்ளங்கை எரிந்தது. பச்சைப் பாசியும் சேறுமாகக் கூடு மேலே வந்து பக்கவாட்டில் தொங்கியது. அதற்குள் ஒரு மீனில்லை, ஒரு முள்கூட இல்லை. கதவு கீல் ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தது.

கேலி பேசிய ஆள் விடவில்லை. இப்போது கொக்கி இழுத்ததில் கதவு திறந்திருக்கும் என்றார். நியாயமான சந்தேகம்தான், எனக்கே அது தோன்றியது. பாக் மான் குனிந்து, கதவு வந்து பொருந்துகிற சட்டத்தின் உள்விளிம்பைத் துண்டால் துடைத்தார். படகடியில் சிப்பிபோல் ஒட்டுமே கொட்டலசு, அது வரிசையாக அந்த விளிம்பில் முளைத்திருந்தது. கதவின் ஓரத்திலும் அப்படியே. கதவை மூடப் பார்த்தார், கொட்டலசு தடுத்தது, மூட முடியவில்லை.

"இது இன்னிக்கித் திறந்த கதவு இல்ல," என்று கோகிலா அவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள். "மூடியிருந்த இடத்துல கொட்டலசு முளைக்காதாம். திறந்து ரொம்ப நாள் ஆச்சாம்."

பிறகு அந்தப் பெரியவர் காலிக் கூட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார். வெறுங்கூடு ஏறியதற்குத் தான் சந்தோஷப்படுவது இதுதான் முதல் தடவை, வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்றார். கேலி பேசியவரும் சிரித்தார். கோகிலா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள், என் புடவைத் தோள் நனைந்துவிட்டது. நானும் அழுதேன், சும்மா சொல்லக் கூடாது.

கரைக்கு வந்ததும் பாக் மான் துறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டு கதவு திறந்த கூட்டையும் திறக்காத கூடு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். என் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் கண்டு ஒன்றை எடுத்து, தன்னுடைய புதுக் கூட்டின் கதவைத் தன் கையாலேயே கட்டினார். மழைக்கு முன்னால் தன் கூடுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதவுதான் என்றார். மற்றவர்கள் பெட்டிக்குக் கை நீட்ட ஆரம்பித்தார்கள். ஒரு விஷயம் மட்டும் கோகிலாவை வைத்துக்கொண்டு என்னிடம் தனியாகக் கேட்டார். தே-ஓ நூலும் அவருக்கு வேண்டுமாம், கூட்டின் சட்டத்தைக் கட்ட. உடம்பு அறுந்துபோகக் கூடாது, கதவு அறுந்துபோக வேண்டும் என்றார்.

அன்று மத்தியானம் துறையை ஒட்டிய கடையில் புளிப்பும் காரமுமாக மீன் குழம்புச் சாப்பாடு. முதல் உருண்டை வாயில் போவதற்கு முன்னால் சவரி அண்ணனைக் கூப்பிட்டேன். உங்கள் நூல்போல் உலகத்தில் இல்லை என்று ஒரு மலாய்க்காரப் பெரியவர் சொன்னதை முதலில் சொன்னேன். தெரிஞ்சதுதானே என்று முனகினார். அடுத்து ஆறாவது கூட்டைப் பற்றி, காலியாக ஏறியதை, கதவு ஆடியதை, கோகிலா பார்த்த அந்த மூக்குத் தேய்ந்த மீனைப் பற்றியும் சொன்னேன். 

"அந்தப் பூ நூலு," என்றார் அண்ணன். "நல்லா அறுந்துச்சா?"

"நல்லா அறுந்துச்சுண்ணே."

"அப்ப சரி. அடுத்த லோடு நான் பச்சையாவே முறுக்குதேன்."